விலக்கு

நான் சிறப்பாசிரியை. கோத்தகிரியைச் சுற்றி நான்கு பள்ளிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு நாள், மிச்சமிருக்கும் ஐந்தாம் நாள் முழுக்கப் படிவங்கள். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் கற்றல் குறைபாடுள்ள பெண் ஒருத்தி இருந்தாள். வாயால் கேட்டால் அறிவியல் பாடம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தாளில் எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், கொம்பும் காலும் தொலைந்துபோகும். அவளைப் போன்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் சில சலுகைகள் கேட்கலாம். சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியர் வருவார், கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கும் உண்டு. மூன்றையும் கேட்பது, விலக்கை ஆங்கிலத்துக்குக் கேட்பது என்று நான் முடிவு செய்தேன். ஊட்டிக்குப் போய் மருத்துவச் சான்றும் வாங்கியாயிற்று. அவள் அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி.

அவருக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு இங்கே வந்தவர். போனை எடுக்கவில்லை என்பதால் வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன்.

"உங்க பொண்ணுக்கு விலக்கு குடுத்துருவாங்க. ஸ்கூலுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதுங்க."

நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னேன். அவர் வரவில்லை. மறுநாளிலிருந்து பெண்ணும் பள்ளிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். தவறினால் அவள் தன் கையால்தான் எல்லாத் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் ஒன்றிலும் தேற மாட்டாள்.

"ஏனுங்க டீச்சர், பெத்தவங்களுக்கே அக்கறை இல்லீங்க. நீங்க எதுக்குங்க ஓடறீங்க?" என்றார் பள்ளி எழுத்தர். எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. இருந்தும் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் எஸ்டேட் பஸ்ஸில் ஏறினேன்.

தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அப்பா இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கக் கூடாதா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

"வந்து என்னா டீச்சர் செய்ய? பிள்ளைய விலக்கியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அங்க தோட்டத்துல எங்கப்பாவுக்குப் பேரு வெட்டுனப்பவும் இப்படித்தான் ஒரு துண்டுச் சீட்டக் குடுத்து கையெழுத்து கேட்டாங்களாம். வெட்டுறவங்க வெட்டிக்கிறட்டும், நாம எதுக்குக் கையெழுத்த வேற போட்டுக் குடுக்கணும்னு இருந்துட்டேன்."

பேர் வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நீக்குவது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இது நீக்குவது இல்லை, சலுகை என்று விளக்கினேன். அவர் படிவத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப பிள்ளைய ஸ்கூல்ல வச்சிக்கிறீங்க?"

"வச்சுக்கறோங்க."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் உள்ளே இருந்து அந்தப் பெண் வந்தாள்.

"அப்பா, போடாதீங்க. டீச்சர், இங்கிலீஷ் பரீட்சைக்கு நான் போக முடியாதா?"

"போக வேண்டியதில்ல. அன்னிக்கு நீ நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

"எல்லாரும் உள்ள போவாங்க, நான் மட்டும் வீட்ல இருக்கணுமா? எனக்கு எழுதத்தானே டீச்சர் வராது? எழுதறதுக்குத்தான் ஆள் வருதே."

இரண்டு வருடமாக அவளிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், எல்லாம் பாடத்திலிருந்து. ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதே இல்லை. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் விலக்குக் கேட்டேன். ஆனால் அந்த வார்த்தையை அவள் அப்பா புரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் சரிதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

படிவத்தில் ஆங்கில விலக்கு என்ற வரியை மட்டும் அடித்தேன். பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் வைத்தார், கீழே முழுக் கையெழுத்தும் போட்டார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"இங்கிலீஷ்ல ஃபெயிலாயிட்டா என்ன பண்ணுவ?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஆனா ஆவுறேன் டீச்சர். மத்தவங்களும்தானே ஆவுறாங்க."