க்னெத்லிக் சாப்பிட்டானா?

எலி இன்னும் சூடாகவில்லை. ஹெத்விகா அதை வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து தூக்கி, பழைய துண்டில் ஒற்றி, மூக்கிலிருந்து வால் வரை ஹேர் டிரையரைக் காட்டுகிறார். மூக்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிமிடம். சூட்டை வைத்துத்தான் பாம்பு இரையைக் கண்டுகொள்ளும். ஆறிப்போன எலியும் கல்லும் அதற்கு ஒன்றுதான். காலையில் தன் குட்டை முடியையும் இதே ஹேர் டிரையரால்தான் உலர்த்திக்கொள்கிறார். டிப்போவில் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வயது ஐம்பத்து நான்கு. செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரில் இருபத்திரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறார். ஐந்தாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஃப்ரீசரின் மேல்தட்டில் பிளம் பழம் வைத்த கொழுக்கட்டைகள், கீழ்த்தட்டில் எலிகள். கண்ணாடி போடாமல் தட்டை மாற்றித் திறந்தது ஒரே ஒருமுறைதான். அன்று தங்கை வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். "தண்ணி கொதிக்கிறதுக்குள்ள பாத்துட்டேன்ல, அப்புறம் என்ன?" என்பார்.

பயணிகளுக்கு அவரைக் குரலால் தெரியாது, மணியால் தெரியும். டிராம் நகரும்முன் இரண்டு அடி. முதல் நாள் பயிற்சியில் விரலில் ஏறிய பழக்கம், வேலை முடிந்தாலும் இறங்குவதில்லை. அடுப்புக் கதவைத் திறக்கும்முன் டொக் டொக். அலமாரிக்கும் டொக் டொக். தான் தட்டுவது அவருக்கே தெரியாது.

க்னெத்லிக் ஓர் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடும் இனம். சுருண்ட உருவத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ஊர்க் கொழுக்கட்டையின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். முதலில் வளர்த்தவர் நார்வேக்கு வேலைக்குப் போக, பாம்பு வளர்ப்போர் சங்கம் நவம்பரில் அதை ஹெத்விகாவிடம் ஒப்படைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பாம்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வந்தபோது ஆயிரத்து நானூறு கிராம். இப்போது மார்ச், ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து. இன்னும் பதினைந்து கிராம் இறங்கினால் பாம்பு கைவிட்டுப் போய்விடும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வெள்ளை எலி கொடுத்துப் பார்த்தார், சாம்பல் எலி கொடுத்துப் பார்த்தார். கோழிச் சாற்றில் முக்கிக் கொடுத்தார். வரவேற்பறையில் அது இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் போர்வையால் மூடினார். டிப்போவில் தினமும் கேட்டார்கள்: "என்ன ஹெத்விகா, உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?"

"என் சமையல் பிடிக்கலையாம். பழைய வீட்டுக்காரருக்கும் பிடிக்கல. ஆனா அவரு எழுந்து போயிட்டாரு, இவன் போகாம இருக்கான்." சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை மாலை சங்கச் செயலாளர் விலெம் வந்தார். பெரிய மீசை, பச்சோந்தி வளர்ப்பவர். சமையலறையில் உருளைக்கிழங்கு அடையைத் தின்றபடி கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெத்விகா நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்துப் பெட்டியைத் திறந்தார். க்னெத்லிக் தலையை உள்ளே இழுத்துப் பந்தானான்.

விலெம் மெல்வதை நிறுத்தினார். "இப்ப என்ன பண்ணின?"

"எலியக் காட்டினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் பண்ணலையே."

"கண்ணாடியத் தட்டுனியேம்மா. ரெண்டு தட்டு."

ஹெத்விகா தன் விரலையே பார்த்தார். "திடீர்னு கையை விட்டா பயந்துட மாட்டானா? சொல்லிட்டு வரது நல்லதுதானே."

"யாருக்கு? டிராம்ல ஏறுறவனுக்கு. இவனுக்கு நீ தட்டுறது இடி விழுந்த மாதிரி. நாலு மாசமா சாப்பாட்டு நேரத்துல இடி விழுந்தா நீ சாப்பிடுவியா?"

ஹெத்விகா எலியைத் துண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "மத்தவங்க யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"வியாழக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு முன்னாடி எடை பாக்கணும். நான்தான் வரணும். நாளைக்கு முழுக்க அந்தப் பக்கமே போகாத. பாக்கக்கூடப் போகாத."

புதன்கிழமை அவர் வரவேற்பறைக்கே போகவில்லை. செய்தித்தாளைச் சமையலறையில் நின்றபடி படித்தார்.

வியாழன் நான்கு மணிக்கு விலெம், பாம்பை எடுத்துப்போக வேண்டியிருந்தால் என்று, தெர்மோகோல் பெட்டியும் துணிப்பையும் கொண்டுவந்தார். செருப்பு சத்தம் போடும் என்று காலுறையோடு நடந்தார். தராசு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு காட்டியது. எல்லைக்கு இரண்டு கிராம் கீழே.

இருவரும் எண்ணைப் பார்த்தார்கள். "ஒரு எலி நேரம் தரேன்" என்றார் விலெம். "அதுக்கப்புறம் நான் மனசைக் கல்லாக்கிக்கணும்."

பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, போர்வையைப் போட்டு, ஒரு மணி நேரம் இருவரும் சமையலறையில் காத்திருந்தார்கள். பிறகு ஹெத்விகா எலிக்குச் சூடு காட்டினார். மூக்குக்கு இரண்டு நிமிடம்.

பெட்டியை நெருங்கும்போது இடது கை தானாக எழுந்தது. ஹெத்விகா அந்த விரலை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார். வலது கையால் எலியை உள்ளே நீட்டினார். சத்தமே இல்லை. க்னெத்லிக்கின் நாக்கு ஒருமுறை வந்தது. இன்னொரு முறை வந்தது. கழுத்து மெல்லப் பின்வாங்கி வளைந்தது. அடுத்த கணம் இடுக்கி உதறியது. எலியைச் சுற்றி மூன்று வளையம் விழுந்தது.

விலெம் மூச்சைவிட்டு, காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "பிடிச்சுட்டான். கையை எடுத்துக்கோ."

ஹெத்விகா மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தார். கை அசைந்தால் எலியைக் கீழே போட்டுவிடுவான்.

விலெம் தெர்மோகோல் பெட்டியைச் சத்தம் வராமல் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். எலியின் வால் உள்ளே போக இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஹெத்விகா முழங்காலிட்டு, வெறும் இடுக்கியை நீட்டியபடியே இருந்தார்.