ஏணியைப் பிடித்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. இந்த மார்கழியில், மரக்காணம் உப்பளத்து ஓரம், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில்.

என் அப்பா காசிலிங்கம் பெயிண்டர். இங்கே உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் சுவர் பொரிந்துவிடும். அதனால் பொங்கலுக்கு முன் அவருக்கு ஓய்வே கிடையாது. போன வருடம் ஏணி மேல் நிற்கும்போது தலைசுற்றி விழப் பார்த்தார். அன்றோடு என் படிப்பு நின்றது. ஏணியைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. "என்ன ஆனாலும் கைய எடுத்துடாதடி," என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவாள்.

பிடிக்கிறவள் மேலே பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு விழுந்தால் கண் போய்விடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே நிற்பேன்.

வீட்டுக்காரர் சக்கரபாணி சென்னையில் இருந்தார். சாவியை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

சாயங்காலம் ஐந்தரை. பனி இறங்கி உப்பளமே தெரியவில்லை. அப்பா மேலே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, தூங்கிட்டியா?"

"இல்லப்பா."

"கொறட்ட சத்தம் கேட்டுச்சே!"

சர்ர்க்… சர்ர்க்… துண்டில் சொட்டுகள் விழுந்தன.

அப்போது வாசலில் ஓர் இருமல்.

அப்பாவின் இருமல்.

"பாப்பா… உடு அத. வா, போலாம்."

திரும்பினேன். வாசலில் அப்பா நின்றார். அதே லுங்கி. அதே பனியன்.

மேலே பிரஷ் சத்தம் நின்றது.

"யாருகிட்டடி பேசற?"

அதுவும் அப்பா குரல்தான்.

"மேல இருக்கறது நான் இல்ல பாப்பா. உடு!" வாசலில் நின்றவர் கத்தினார்.

"உடாத பாப்பா… தல சுத்துது…"

ஏணி நடுங்கியது.

நான் மேலே பார்க்கவில்லை.

கையை எடுத்தேன்.

ஓடினேன்.

பின்னால்…

தொம்!

வாசலில் நின்றவர் கதவைப் பூட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாளெல்லாம் சுண்ணாம்பில் ஊறிய அப்பாவின் கை சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கை வழவழவென்று இருந்தது.

அடுத்த வாரம் பெயிண்ட் கடையில் வானூர் அருக்காணி அக்காவைப் பார்த்தேன். பெயிண்டர் ஒருவரின் மனைவி. கணவர் செத்து ஒரு வருடம் ஆகிறதாம். நான் வேலை பார்த்த வீட்டைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் அதே ஊடுதான்," என்றார். "அவரு ஏணி மேல இருந்தாரு. வாசல்லயும் அவருதான் நின்னு கூப்ட்டாரு. ஏணிய உட்டுட்டேன்."

"அப்புறம்?"

"வாசல்ல நின்னவரு ரோடு வரைக்கும் என்கூடயே வந்தாரு. அப்புறம் ஆளக் காணோம். திரும்பிப் போயி பாத்தா… ஏணிக்குக் கீழ அவரு கெடக்குறாரு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ திரும்பிப் போயி பாத்தியா?"

"இல்லக்கா."

"உங்கப்பா எங்க?"

"வீட்ல… இருக்காரு."

பிடித்திருந்த என் கையை அக்கா சட்டென்று விட்டுவிட்டார்.

சாவி அப்பாவிடம் இருக்கிறது. கேட்டால், "அங்க வேல முடிஞ்சிச்சி," என்கிறார். வேறு எதுவும் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பொங்கலுக்குச் சக்கரபாணி வருகிறார். அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.