ராஜம்மா போட்டு வைத்த சீட்டு

இன்று மத்திகிரியில் பஸ் ஏறினால், எதிர்வீட்டு ராஜம்மா எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

"யக்கா, உங்க பேத்தியை எம்மவனுக்குக் கேக்கலாம்னு இருக்கேன்."

போன வருஷம் இதே பஸ்ஸில், என் பேத்தியின் ஹீலியம் ஆராய்ச்சியை, "பலூன் காத்தைப் போயி ஒருத்தி படிப்பாளா?" என்று ஊர் கேட்கச் சிரித்தவள்.

நான் அஞ்சாவது வரைதான். ஆனாலும் பேத்தி சொன்னது மறக்கவில்லை. அதை ராஜம்மாவிடம் சொன்னேன்.

"கடுங்குளிர்ல, பென்சில் கரி இருக்கே, அந்த கிராபைட் மேல ஹீலியம் படியுமாம். முதல் அடுக்கு ஒட்டி இறுகிப்போகும். அதுக்கும் மேல வர்றதுதான் வழுக்கி ஓடும். நீ அன்னிக்குச் சொன்னது முதல் அடுக்கு, ராஜம்மா. இன்னிக்குச் சொல்ற 'யக்கா' எதுவும் அதுமேல நிக்காது."

ஓசூர் வரை நின்றே வந்தேன். கைக்குட்டைதான் உட்கார்ந்து வந்தது.

இதைப் படிப்பவர்கள் கால் வலிக்குத் தைலம் சொல்லுங்கள். மன்னிக்கச் சொல்லி மட்டும் யாரும் எழுதாதீர்கள்.