மைனிக்குக் கொடுத்த தாம்பூலம்

“…அந்தப் பதினோரு செவ்வாயும் நான் கூட நடக்கலன்னா இவ வயித்துல இது எங்கன தங்கியிருக்கும்? நான் சொல்லல, இவகிட்டயே கேளுங்க!” என்று கையில் வளையல் தட்டோடு கூடம் நிறைந்த பெண்களிடம் மைனி சொல்லிக்கொண்டிருந்தாள். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ‘சொல்லிக்கொண்டிருந்தார்’ என்று எழுதுவதுதான் மரியாதை. கை வரமாட்டேன் என்கிறது.

அன்று எனக்கு வளைகாப்பு. தாராவியில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக் கூடத்தில் வைத்திருந்தோம். முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும் என்பது எங்கள் முறை. அந்த உரிமை தந்த நிமிர்வோடு அவள் நின்றாள். நான் மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தாம்பூலப் பைகள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் நானே என் கையால் தனியாக முடிந்து வைத்திருந்தேன்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முதல் வருஷமே எனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுத்தம் செய்தார்கள். அப்போது எனக்கு இந்தியில் ‘பானி’ மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரர் தோல்பைப் பட்டறையில் வேலையில் இருந்தார். கூட வந்தவள் மைனி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இந்தி மராத்தி இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிற பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டாக்டர் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் மைனி முகத்தைப் பார்த்தேன்.

மயக்க ஊசி போடும் முன் டாக்டர் ஏதோ நீளமாகக் கேட்டாள். மைனி கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஹாங், லகா தோ” என்றாள். என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மைனி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“என்ன மைனி கேட்டாவ?”

“சத்து ஊசி போடவான்னு கேட்டாவ. போடச் சொல்லிட்டேன். நீ கண்ண மூடிப் படு பிள்ள.”

ஆஸ்பத்திரித் தாள்களையெல்லாம் ‘தொலைஞ்சிரும்’ என்று அவளே எடுத்துப் போனாள்.

அப்போது மைனியின் ஒற்றை அறை வீட்டில் அவள் குடும்பமும் நாங்களுமாக ஏழு பேர். இரண்டு மாதம் கழித்து நான்தான் வீட்டுக்காரரை நச்சரித்துத் தனியாகக் கூட்டிவந்தேன். மைனி அழவில்லை, சண்டை போடவில்லை. வாசலில் நின்று, “என் தம்பியப் பிரிச்சிட்ட. நல்லா இரு” என்றாள். அந்த ‘நல்லா இரு’ எனக்கு அன்று விளங்கவில்லை.

பிறகு நான்கு வருஷம் ஒன்றும் நிற்கவில்லை. மாதம் எட்டு நாள் கொட்டும், அடிவயிற்றைத் திருகி எடுக்கும். மைனியிடம் சொன்னால், “அது உன் உடம்பு வாகு” என்பாள். யார் வீட்டு வளைகாப்பிலும் சந்தனக் கிண்ணம் என் முன்னால் வரும்போது மட்டும் அதை வாங்கி அடுத்த பெண்ணிடம் நகர்த்திவிடுவாள். ஒரு தடவை எல்லார் முன்னாலும், “எங்க வீட்டு மருமவ காலண்டரு மாதிரி, மாசாமாசம் கிழிக்கத்தான் லாயக்கு” என்றாள். கூட்டமே சிரித்தது. மனிதர்கள் சொல்லும் சாமர்த்தியமான சொல் எனக்கு உயிர். என்னைக் குத்தினாலும் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வேன். இதையும் பத்திரப்படுத்தினேன்.

கடைசியில் அவளே நேர்ச்சை நேர்ந்தாள். பதினோரு செவ்வாய், தாராவியிலிருந்து மாட்டுங்கா கோயில் வரை நான் வெறுங்காலில் நடக்க வேண்டும். கோடை காலம். தார் ரோடு தோசைக்கல்லாய்க் கிடந்தது. மைனி செருப்பு போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு கூட வந்தாள். “நேர்ச்சை உனக்குத்தான பிள்ள, எனக்கா?” என்பாள். ஐந்தாவது வாரம் என் குதிகாலில் கொப்புளம் உடைந்து நடக்க முடியவில்லை. “பிள்ள வேணும்னா பல்லக் கடிச்சிட்டு நட” என்றாள். நடந்தேன்.

பதினோரு வாரமும் முடிந்த பிறகு, எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காதான் என் குதிகாலைப் பார்த்துவிட்டு, “சாமிகிட்ட நடந்தது போதும், டாக்டர்கிட்ட வா” என்று செம்பூருக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டரம்மா மாட்டுங்கா ஐயர் வீட்டுத் தமிழ் பேசுகிறவர். ஸ்கேன் படத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, காப்பர்-டிய உள்ள வச்சுண்டு, கொழந்தை ஏன் நிக்கலைன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“காப்பர்-டியா? யாருக்கு?”

படத்தை என் பக்கம் திருப்பினார். இருட்டுக்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. அதற்குள் நான் மார்க்கெட்டில் சண்டை போடும் அளவுக்கு இந்தி கற்றிருந்தேன். ‘லகா தோ’ என்றால் ‘வச்சிருங்க’. நான்கு வருஷம் கழித்து பரிசோதனைப் படுக்கையில் படுத்தபடி மைனியின் குரலை மறுபடி கேட்டேன். இந்த முறை புரிந்தது.

“இப்பவே எடுத்துருங்க டாக்டர்.”

இரும்புக் கருவி ஜில்லென்று உள்ளே போனது. “ஒரு தரம் நன்னா இருமும்மா” என்றார். இருமினேன். சுளீரென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நான்கு வருஷம் வந்து உட்கார்ந்திருந்தது ஒரு இருமலில் எழுந்து போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். தீக்குச்சி நீளம்கூட இல்லை. சுற்றியிருந்த செம்புக் கம்பி கறுத்திருந்தது, அடியில் இரண்டு நூல் தொங்கியது. இதற்காகவா அத்தனை தூரம் நடந்தேன்?

“அதை எனக்குத் தாங்க.”

“இது குப்பைக்குப் போறதும்மா. உனக்கெதுக்கு?”

“ஒரு ஆளுக்குச் சேர வேண்டியது டாக்டர்.”

 அவர் அதைக் கழுவி, காலி மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அவர் போய்க் கத்துவார், மைனி அழுவாள், அவர் உருகிவிடுவார், காரியம் கெட்டுவிடும். டப்பாவை அரிசிப் பானைக்குள் வைத்தேன். நாள் தள்ளியபோது மைனியிடம் முதலில் நானே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பூட்டிய வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் கேட்டவள்போல என் வயிற்றையே பார்த்தாள்.

“ஸ்கேன்ல… வேற ஒண்ணும் சொல்லலியா?”

“எல்லாம் சரியா இருக்குன்னாவ மைனி.”

ஒரு மாதம் அரண்டு போய்த் திரிந்தாள். அப்புறம் தன் நேர்ச்சையைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாள். ஊருக்காக ஆடிய ஆட்டத்தில் சாமியே இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்போல. பார்க்கிறவர்களிடமெல்லாம் பதினோரு செவ்வாய்க் கதைதான். நான் குறுக்கே பேசவில்லை. நன்றாகப் பரவட்டும் என்று விட்டேன்.

வளைகாப்பில் அவள் என் கையைப் பிடிக்க வந்தபோது கையை இழுத்துக்கொண்டு, அந்தப் பையை எடுத்து நீட்டினேன்.

“முதல்ல உங்களுக்குத் தாம்பூலம் மைனி. நீங்கதான கூட நடந்தவிய. எல்லாரும் பாக்கட்டும், இங்கயே பிரிங்க.”

“தோடா இருக்கும்ட்டி” என்றாள் ஒருத்தி. மைனி வெட்கச் சிரிப்போடு டப்பாவைத் திறந்தாள். பக்கத்திலிருந்த பெரியம்மை ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, இது காப்பர்-டியல்லா! நான் பத்து வருசம் சொமந்தேன், எனக்குத் தெரியாதா?”

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன்.

“நாலு வருசம் எனக்குள்ள இருந்துது பெரியம்மை. எனக்குத் தெரியாது. வைக்கச் சொன்ன மைனிக்குத் தெரியும்.”

மைனி இல்லை என்று சாதித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

“ஏழு பேரு கெடந்த அறையில இன்னொண்ணு எங்கன… ஒரு வருசத்துல எடுத்துருவோம்னுதான்… நீ அதுக்குள்ள என் தம்பியப் பிரிச்சிக் கூட்டிட்டுப் போயிட்டல்லா…”

பாதியில் நின்றுவிட்டாள். 

“அப்ப அந்தப் பதினோரு செவ்வா எதுக்கு மைனி? காலண்டர் கிழிக்கவா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன். “அக்கா, நீங்க வாங்க. முதல் வளையல் நீங்க போடுங்க.” முறை இல்லையே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அக்கா மாவு வாசம் மாறாத கையால் மைனியிடமிருந்து தட்டை வாங்கினாள். அவளும் கொடுத்துவிட்டாள்.

பிறகு டப்பாவை மூடினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

“ஐயோ, அவங்க செருப்பு கெடக்கு பாரு!” என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள். எடுத்துக்கொண்டு ஓடப்போனவளிடம், “இருக்கட்டும்” என்றேன். கை நிறைய வளையலோடு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே உச்சி வெயில். ரோட்டோரத்தில் மைனி நின்று தன் காலைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். செருப்பைப் போடச் சொல்லி இங்கிருந்து ஒரு குரல் வரும் என்று காத்திருந்தவள்போல ஒரு காலை மாற்றி ஒரு காலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் வீடு இருக்கும் சுனாபட்டிப் பக்கம் திரும்பி, வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினாள்.