எந்தப் படத்திலும் இல்லாத பாட்டு

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. ஜவ்வாது மலை மேல் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் பாட்டுக் கச்சேரிக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கண்ணமங்கலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். கச்சேரி கிடைக்கும் நாட்களில் சினிமாப் பாட்டு பாடுவேன். பாட்டின் முதல் வரியைச் சொன்னால் போதும், எந்தப் படம், யார் பாடியது, எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று ஒப்பித்துவிடுவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு, மறைப்பானேன்!

ஆலங்காயம் தாண்டி வேன் மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, குளிர்காற்றை வாய் நிறைய வாங்கிக்கொண்டு, வளைவுக்கு ஒரு பாட்டாகப் பாடித் தள்ளினேன். "மேடைக்குக் கொஞ்சம் மிச்சம் வைம்மா" என்று எங்கள் குழுத் தலைவர் சொல்லிப் பார்த்தார். அவர்தான் கீபோர்டும் வாசிப்பார். கேட்டால்தானே! மேடை ஏறிச் சில பாட்டுகளிலேயே தொண்டை மக்கர் செய்தது. அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது.

சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தது. அடிவாரத்து ஊர்களிலிருந்து பைக்கில் வந்த இளைஞர்கள் முன்னால் நின்றார்கள். மலைக் கிராமத்துக் குடும்பங்கள் பின்னால். விழாக் குழுக்காரர் பதறிப்போனார். "பொம்பள கொரலு இல்லாம எப்டிங்க? இங்க ஒரு பொண்ணு பாடும். அதுக்குள்ள இவங்க சுக்குத் தண்ணி குடிச்சி தேறிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒருத்தியை அழைத்து வந்தார்.

இருபத்தைந்து வயதிருக்கும். மலையில் சாமை பயிரிடும் குடும்பமாம். கூடவே அவள் கணவர், தோளில் ஒரு சின்ன மேளத்தோடு.

"இன்னா பாட்டும்மா? எந்தப் படம்?" என்றார் எங்கள் தலைவர், கீபோர்டில் விரலைத் தயாராக வைத்தபடி.

"படம் இல்லீங்கண்ணா. நானே கட்டுனது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். விழாக் குழுக்காரருக்கும் அது புதுச் செய்திதான். "ஒரே பாட்டு. ஜனம் கத்துனா எறங்கிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தெரிஞ்ச சினிமாப் பாட்டு ஒண்ணு பாடிடேன், கைதட்டுவாங்க" என்று கட்டைக் குரலில் சொன்னேன்.

"கைதட்டு வேணாங்க்கா" என்றாள். "என் கூட்டாளி ஒருத்தி வூட்ல சண்ட போட்டுக்கினு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்ட்டா. நம்பர மாத்திட்டா. எந்த கம்பெனின்னு யாருக்கும் தெரியல. இந்தப் பாட்ட யாராவது செல்லுல புடிச்சி, அவங்க நாலு பேருக்கு அனுப்பி, எப்டியாவது அவ காதுல வுழாதான்னுதான்."

 சுக்குத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் ஒதுங்கி நின்றேன்.

மேளம் மெதுவாகத் தொடங்கியது. அவள் பாடினாள்.

"கடுக்கா பொறுக்கையிலே கூட வந்த தோழியே,
கம்பெனி பஸ்ஸேறி எங்கதான் போனியோ,
மலமேல நிக்கிறேன், கேக்குதா என் கொரலு..."

குழைவு, நெளிவு எதுவும் இல்லை. நேரான, கணீரென்ற குரல். மேட்டில் ஏறுவது போல அடிக்கு அடி மேலே போனது மெட்டு. உச்சியில் மேளம் சட்டென்று நின்றது. அவள் வாயருகே கையைக் குவித்து "ஊ...ஓ..." என்று நீளமாக ஒரு கூப்பாடு போட்டாள். போட்டுவிட்டு, சும்மா நின்றாள்.

எங்கள் தொழிலில் மேடையில் சத்தமில்லாமல் நிற்பது போல ஒரு பயங்கரம் கிடையாது. ஒரு நொடி இடைவெளி விழுந்தாலும் தலைவர் கீபோர்டில் எதையாவது தட்டி நிரப்பிவிடுவார். இவளோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நிற்கிறாள்!

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "யக்கா, சினிமா பாட்டு எடுத்து வுடுக்கா!" என்று இன்னொருவர் கத்தினார். விசில் பறந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த சிலரும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். போச்சு, இனி அந்தப் பாட்டு எங்கே திருப்பூர் போகப் போகிறது என்று நினைத்தேன். விழாக் குழுக்காரர் மேடைப் படியில் கால் வைத்துவிட்டார்.

அவள் அசரவில்லை. இரண்டாவது அடியைப் பாடினாள். மறுபடி கூப்பாடு. மறுபடி அதே மௌனம்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால், தரையில் சாக்கு விரித்துப் புளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், தராசிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஊ...ஓய்" என்று பதில் கொடுத்தாள். அவள் பாட்டைக் கவனித்தாளா என்பதே சந்தேகம். கை பாட்டுக்குப் புளியை அள்ளிக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்குப் பதில் சொன்னது. உடனே இன்னொரு பக்கமிருந்து ஒன்று. பிறகு மலைக் குடும்பங்கள் நின்ற திசை முழுக்க ஆணும் பெண்ணுமாகக் குரல் கொடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம், "இது இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"காட்டுல பொதருக்கு அந்தாண்ட போய்ட்டா ஆளு தெரியாதுங்க. கூப்டா, கேக்குறவங்க கொரலு குடுக்கணும். தெரிஞ்சவங்களோ தெரியாதவங்களோ. இல்லன்னா பாவம், அவங்க அங்கியே நின்னுகினு இருப்பாங்க இல்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டின் பாதியைத் தான் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை ஜனங்களிடம் விட்டிருக்கிறாள் இந்தப் பெண்! அதுவும், வந்து சேருமா சேராதா என்று தெரியாமலே. எத்தனை மேடை பார்த்தும் எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

மூன்றாவது கூப்பாட்டுக்கு, சிரித்த பையன்களே கையைக் குவித்துக் குரல் கொடுத்தார்கள். பையில் போன செல்போன்களெல்லாம் திரும்ப வெளியே வந்து மேலே உயர்ந்தன. அவளை இறக்கிவிடப் படியேறியவர் அந்தப் படியிலேயே நின்று "ஓய்" என்றார். தொண்டைக்கு ஓய்வு கொடு என்று சொல்லப்பட்டிருந்த நானும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிழிந்த குரலில் ஒரு பதில் கொடுத்தேன். நான் கொடுத்ததிலேயே மோசமான குரல் அதுதான். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் பாடியதே இல்லை.

"இன்னொரு தபா!" என்று கூட்டம் கேட்டது. இந்த முறை எங்கள் தலைவர் கட்டிய கையை அவிழ்த்து, அடக்கமாக ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கூப்பாடு வரும் இடத்தில் அதையும் விட்டுவிட்டார். அந்த மனிதர் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கிளம்பும்போது அவளிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவனிடம் கேட்டு வாங்கிய அந்தப் பாட்டின் வீடியோவை வேலூரிலும் ஆரணியிலும் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். கடைக்கு வரும் பெண்களிடம்கூட, "திருப்பூர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று விசாரித்து அவர்களுக்கும் அனுப்பிவைத்தேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டுமே!

தீபாவளி வியாபார நெரிசலில் ஒரு நாள் அவள் போன் செய்தாள். புடவைகளை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"அக்கா, கூப்டுட்டாக்கா!"

கம்பெனி ஹாஸ்டலில் தோழியோடு தங்கியிருக்கும் பெண்ணின் செல்லில் அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. கேட்டுவிட்டு, தோழி அன்றைக்கே போன் போட்டிருக்கிறாள். "எடுத்ததும் ஹலோன்னுகூட சொல்லலக்கா. ஊ...ஓய்னா. அவ்ளோதான், ரெண்டு பேரும் அழுதுட்டோம்" என்றாள். விரித்த புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து நானும் அழுதுவிட்டேன். எதிரே புடவை எடுக்க உட்கார்ந்திருந்த அம்மா பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இப்போதும் நான் பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டுதான். ஆனால் என் குரல் வந்து சேர வேண்டுமென்று கூட்டத்தில் எங்கோ ஒருத்தி காத்திருக்கக்கூடும் என்ற நினைப்பு இல்லாமல், அந்த நாளுக்குப் பிறகு ஒரு முறைகூட நான் மைக்கைக் கையில் எடுத்ததில்லை.