பிரான்சிஸின் மழைத்துணியும் என் வயிற்றெரிச்சலும்

போன ஞாயிற்றுக்கிழமை வான்தீவில் நனைந்ததன் பலன், இருமிக்கொண்டே இதை எழுதுகிறேன். இருமல் போய்விடும். இன்னொரு வியாதியும் இருக்கிறது... அதற்குத்தான் எந்த வைத்தியரிடம் போவதென்று தெரியவில்லை.

பொறாமை.

எங்கள் ஆபீஸ் துரை புதிய கார் வாங்கினால் எனக்குப் பொறாமை வராது. எதிர்வீட்டுக்காரர் மாடி எடுத்தாலும் வராது. அதெல்லாம் எட்டாத உயரம். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் - நம்மோடு ஒரே கூஜாவில் தண்ணீர் குடிக்கிறவர் - நம்மிடம் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா சிரித்தபடி உட்கார்ந்திருந்தால்? அங்கேதான் பற்றிக்கொள்கிறது.

என் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் பிரான்சிஸ். ஆலந்தலைக்காரர், என்னைவிட வயதில் சிறியவர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, பர்மா எல்லைவரை போய் வந்தவர். திரும்பி வந்ததும் துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஏஜென்டு ஆபீஸில் சேர்ந்தார்.

பட்டாளத்திலிருந்து எல்லாரும் ஏதாவது கொண்டுவந்தார்கள். சிலர் மெடல், சிலர் மலேரியா. பிரான்சிஸ் கொண்டுவந்தது ஒரு கால்சட்டையும் ஒரு துணியும்.

கால்சட்டை என்றால் சாதாரணக் கால்சட்டை இல்லை. மடித்துப் பித்தான் போட்டால் அரைக்கால்சட்டை. கொசு வருகிற நேரத்தில் அவிழ்த்துவிட்டால் காலை மூடிக்கொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் துணியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரப்பர் பூசிய காக்கித் துணி. ஒரு பக்கம் கழுத்துப்பட்டி. ஓரமெல்லாம் பித்தளை வளையங்கள். தோளில் போட்டால் மழைக்கோட்டு. தரையில் போட்டால் படுக்கை. நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டினால் மூட்டை. இரண்டு பூவரச மரத்துக்கு நடுவில் கட்டினால் ஊஞ்சல். ஒருநாள் கிளிஞ்சல்மேட்டில் குழி தோண்டி, அதில் இந்தத் துணியை விரித்து, கடல் தண்ணீர் ஊற்றி, மீனை உயிரோடு போட்டுக் காட்டினார். மனிதனுக்கு ஒரு துணி இத்தனை வேலை செய்யலாமா? என்னிடமுள்ள பத்து வேட்டியும் சேர்ந்து இத்தனை வேலை செய்ததில்லையே.

ஐப்பசி மழையில் விஷயம் முற்றியது. சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரம், பிடித்துக்கொண்டது மழை. எல்லாரும் வாசலில் நின்றோம். என் குடையை விரித்தேன்... காற்று அதைத் தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி மலர்த்திவிட்டது. பிரான்சிஸ் துணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். முன்னால் ஹாண்டில்பார், பின்னால் கேரியர், நடுவில் கணக்கு பைல்... எல்லாவற்றையும் அந்தத் துணி மூடிக்கொண்டது. ஜன்னலில் நின்று பார்த்த மானேஜர் சொன்னார்:

“இந்த ஆபீஸ்ல தயாரா இருக்கிற ஒரே ஆளு பிரான்சிஸ்தான்.”

அப்படியானால் நாங்களெல்லாம் யார்?

அந்த வாரமே பிரான்சிஸ் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தார், அதே துணியில் கட்டி. என் மனைவி வடிவு நாசரேத் பக்கத்தில் பிறந்தவள், எதையும் வாய்விட்டுப் பாராட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவளே துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தம்பிகிட்ட எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு.” சொல்லிவிட்டு, மூலையில் நூல் சுற்றிக் கட்டிவைத்திருந்த என் குடையை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ஓர் அண்ணாச்சி பட்டாளத்துக் கழிவுச் சரக்கு விற்கிறார். பூட்ஸ், தண்ணீர்க்குடுவை, கொசுவலை, ஒற்றைக் கையுறை எல்லாம் மலையாகக் கிடக்கும். “இன்ன மாதிரித் துணி” என்று கையால் படம் வரைந்து காட்டினேன்.

அவர் மலையைக் கிளறி ஒன்றை இழுத்துப் போட்டார். அதே காக்கி, அதே வளையம்.

“ஒத்தையாத்தான் கெடக்கு,” என்றார். “சோடி வேணும்னு கேட்டு வாரவன் ஒத்தைய எடுக்கமாட்டேங்கான். ஒங்களுக்கு எதுக்கு?”

“மழைக்கு.”

“அப்பம் சரி.”

துணிக்கு எதற்கு ஜோடி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. சுருட்டிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். வடிவிடம்கூடச் சொல்லவில்லை. சரியான நேரத்தில், எல்லாரும் பார்க்க, அலட்சியமாக உதறி எடுக்க வேண்டும்... அதுதான் திட்டம்.

வேளையும் வந்தது. கார்த்திகை முடியப்போகிறது, வானம் தெளிந்துவிட்டது, துறைமுகத்துக்கு எதிரே கடலில் கிடக்கிற வான்தீவுக்கு ஒருநாள் போய்வரலாம் என்றார் பிரான்சிஸ். வடிவு கடலில் ஏறியதே இல்லை. அவளும் வருகிறேன் என்றாள். கைக்குழந்தை வள்ளியை என்ன செய்வது? “பக்கத்துலதான மதினி, பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க, வெயில் ஏறுமுன்ன போயிட்டு மத்தியானம் திரும்பிரலாம்,” என்றார் பிரான்சிஸ்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து அவர் வந்ததும் கிளம்பினோம். வள்ளக்காரர் மிக்கேல் வள்ளத்தின் பாயை விரித்தார். பிரான்சிஸ் தன் துணியை வள்ளத்தின் குறுக்கே கட்டி, தாய்க்கும் பிள்ளைக்கும் நிழல் செய்துகொடுத்தார். என் துணி என் பைக்குள், புளியோதரைக்கு அடியில். பொறுமையாக இருந்தேன். தீவில் இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கினோம், சாப்பிட்டோம். பிரான்சிஸ் வடிவுக்குச் சங்கு பொறுக்கிக் கொடுத்தார். நான் பையை அவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மிக்கேல் எழுந்து வடக்கே பார்த்தார்.

“வாடை திரும்பிட்டு,” என்றார். “இப்பம் வள்ளத்த எறக்க முடியாது. கொஞ்சம் பொறுத்துத்தான் போவணும்.”

பேசி முடிக்கவில்லை, மழை விழுந்தது. மழை என்றா சொன்னேன்? கடலையே தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. வான்தீவில் என்ன இருக்கிறது? மணல், முட்புதர், அதற்கப்புறம் மணல். மீன்காரர்கள் தங்கும் ஓலைக்குடிசை ஒன்று இருக்குமென்று ஓடினோம். அது ஐப்பசி மழையிலேயே படுத்துவிட்டிருந்தது.

பிரான்சிஸ் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. துணியை உதறி வடிவையும் குழந்தையையும் சுற்றிப் போர்த்தினார். தான் நனைந்துகொண்டே நின்றார்.

இனிமேல் எழுதப்போவதை வடிவு படிக்காமலிருந்தால் நல்லது.

என் பைக்குள் ஒரு மழைத்துணி காய்ந்துபோய்க் கிடக்கிறது. நான் நனைந்துகொண்டிருக்கிறேன். ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் என்ன சொல்வார்கள்? பிரான்சிஸைப் பார்த்து வாங்கியிருக்கிறான் என்பார்கள். முதலில் உதறியவன் வீரன், இரண்டாவதாக உதறுகிறவன் வெறும் காப்பி. என் மனைவியும் என் மகளும் இன்னொருவன் துணிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த மழையில் என் உடம்பில் சூடாக இருந்தது வயிறு ஒன்றுதான்.

காற்று ஏறியது. தோளில் போடுகிற துணி மழையைத் தடுக்கும், கீழேயிருந்து நுழைகிற வாடையைத் தடுக்காது. துணி படபடவென்று அடித்துத் தூக்கியது. வடிவு குனிந்து குழந்தையை மடியில் அழுத்திக்கொண்டாள். வள்ளி வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். பிறகு முனகினாள். பிறகு அதுவும் இல்லை.

“என்னங்க,” என்றாள் வடிவு. அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. “பிள்ள அழமாட்டேங்கா. ஒதடெல்லாம் நீலமா இருக்கு. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். ஈர மணலைத் தொட்ட மாதிரி இருந்தது.

பையைக் கிழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சோற்றுப் பாத்திரம் ஒரு பக்கம் உருண்டது. துணியை இழுத்து, “பிரான்சிஸ், இத வச்சு ஏதாவது செய்யும் வே,” என்று கத்தினேன்.

பிரான்சிஸ் அதைப் பார்த்தார். என் துணியின் ஓரத்தைத் தடவினார். வளையத்தில் விரலை விட்டார். அந்த அவசரத்திலும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி... இது இன்னொரு பாதியில்லா,” என்றார்.

அப்புறம் அவர் கை ஓடிய வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு துணியின் வளையங்களையும் நேருக்கு நேர் வைத்தார். மிக்கேல் கொடுத்த தூண்டில் கயிற்றை வளையம் வளையமாகக் கோத்து இழுத்தார். துடுப்புகள் இரண்டையும் மணலில் ஊன்றி, சேர்ந்த துணியை மேலே போட்டார். ஓரங்களின் மேல் நானும் மிக்கேலும் மணலை அள்ளிக் குவித்தோம். கூடாரம்! வாடை வருகிற பக்கத்தை அவர் பாய்த்துணியால் அடைத்தார்.

பெரிய மாளிகை இல்லை. நாய்க்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிது. தாயும் பிள்ளையும் உள்ளே. ஆண்கள் மூவரும் தலையை மட்டும் உள்ளே நீட்டி, முதுகை மழைக்குக் கொடுத்தோம். காற்று நின்றது. வடிவு குழந்தையின் ஈரத்துணியை உருவி எறிந்துவிட்டு, அவளை நெஞ்சோடு அணைத்துத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் என்னென்னவோ சாமியைக் கூப்பிட்டேன். பிரான்சிஸ் மாதாவைக் கூப்பிட்டார். மிக்கேல் பாய்த்துணியைக் காற்று தூக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம்? தெரியாது. வள்ளி ஒரு தும்மல் போட்டாள். அப்புறம் அழுதாள், காது கிழிய. உலகத்தில் அப்படியொரு சங்கீதம் நான் கேட்டதில்லை. வடிவும் அழுதாள். நாங்கள் மூவரும் மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

குழந்தை பால் குடித்துத் தூங்கியபிறகுதான் பிரான்சிஸ் பேசினார்.

“பட்டாளத்துல இத ஒருத்தனுக்கு ஒண்ணுதான் தருவான் அண்ணாச்சி. ஒண்ண வச்சிக் கூடாரம் போட முடியாது. ரெண்டு பேரு சேரணும். என் சோடி நூர் கான்னு ஒரு டிரைவர், ஜீலம் ஆத்துப் பக்கம் ஊரு. அந்தக் காட்டுல அத்தன மழைக்கும் ஒரே கூடாரம்தான். பிரியும்போது அவன் பாதிய அவன் எடுத்துக்கிட்டான், எம் பாதிய நான் எடுத்துக்கிட்டேன். ‘வீடு கட்டினதும் வா’ன்னான். இப்பம் அவன் ஊரு வேற தேசமாப் போச்சு. பிரிவினைக் கலகத்துக்கு அப்புறம் தகவலே இல்ல.”

நான் இரண்டு துணியையும் சேர்த்திருந்த கயிற்றைப் பார்த்தேன்.

“மழைக்குப் போடுதேன், மீன் கட்டுதேன், ஊஞ்சல் கட்டுதேன்... எல்லாரும் சிரிக்காங்க. இதுக்குன்னு உள்ள வேல கூடாரம் ஒண்ணுதான். அத மட்டும் ஒத்தையில செய்ய முடியல,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க எதுக்கு அண்ணாச்சி வாங்குனீங்க?”

நான் ஓரத்து மணலை இன்னும் கொஞ்சம் குவித்தேன். வடிவு கூடாரத்துக்குள்ளிருந்து சொன்னாள்: “ஒங்களப் பாத்துத்தான் தம்பி. வேற எதுக்கு? பெட்டிக்கு அடியில கெடந்ததப் பாத்தேன்.”

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. பெண்கள் எவ்வளவு விஷயத்தை இப்படிப் பெட்டிக்கு அடியிலேயே விட்டுவைக்கிறார்கள், பார்த்தீர்களா?

பிரான்சிஸ் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “நல்லவேள வாங்குனீங்க,” என்றார், அவ்வளவுதான். வெயில் சாய்வதற்குள் காற்றும் அடங்கி, வள்ளம் கரை வந்து சேர்ந்தது. டாக்டர் பார்த்தார். பிள்ளைக்கு வெறும் ஜலதோஷம் என்றார். எனக்குத்தான் இருமல்.

என் பாதியை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு அழகாக இருந்திருக்கும், தெரியும். ஆனால் நடந்தது வேறு.

புதன்கிழமை பிரான்சிஸ் என் மேஜைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அடுத்த ஞாயிறு மணப்பாடு போறேன். கஸ்டம்ஸ்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, அவரும் வாராரு. மணல்மேட்டுல கூடாரம் போடலாம்னு... ஒங்க துணியக் கொஞ்சம் தர முடியுமா?”

கஸ்டம்ஸில் புதிதாக ஒருவர். யார் அந்த ஒருவர்? வந்து எத்தனை நாளாகிறது? அதற்குள் மணப்பாடு வரைக்குமா? என் பாதிக்கு அடியில் அவன் உட்கார்ந்து பிரான்சிஸோடு கதை பேசுவது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“துணியைத் தனியாக் கொடுக்கிறது இல்ல வே,” என்றேன். “ஆளோட சேத்துத்தான். வேணும்னா அந்தக் கஸ்டம்ஸ்காரரு பாய் கொண்டுவந்து வெளியில படுக்கட்டும்.”

இந்தத் தடவை பிரான்சிஸ் சிரித்தார்.

நான் திருந்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் - என் பொறாமை துணியைவிட்டு இறங்கி ஆள்மேல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.