நீலத் தொப்பி போட்ட கூட்டம்

என் சித்தப்பா கிழமை நாள்களில் டாண்டினோங்கில் தரை ஓடு விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தார். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆள் கடையில் நின்றாலும் மனம் எருசலேமில் நிற்கும். நோபல் பார்க்கில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனம் பூசைக்காக வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில், பெரிய வெள்ளிக்கிழமை தோறும் அவர்தான் பாஸ்கு போடுவார். பாஸ்கு என்றால் யேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம். நாங்கள் விட்டுவந்த ஊரில் கடற்கரை மணலில் விடிய விடிய ஆடியதை அவர் இங்கே இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கியிருந்தார். மூன்று மணிக்கு அதே மண்டபத்தில் வழிபாடு தொடங்கவேண்டும் என்பதால் சிலுவை மரணம் ஒரு வருடமும் பிந்தியதில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம் முதல்முறையாக வசனம் கிடைத்தது. நான் யூதர் கூட்டத்தில் ஒருத்தி. உரோம ஆளுநர் பிலாத்து கையைக் கழுவியதும் கூட்டம் முழுவதும் யேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தும். பிறகு எல்லோரும் அடங்க, நான் மட்டும் ஓரடி முன்னுக்கு வந்து, இந்தப் பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று சொல்லவேண்டும். எனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சித்தப்பா அதை ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தார். அதன் அர்த்தத்தைப் பற்றி நான் கொஞ்சமும் கவலைப்படவில்லை. தனி வசனம் என்ற பெருமையே எனக்குத் தலைக்கு மேலே இருந்தது.

நாங்கள் அப்போது கோல்ஃபீல்டில் இருந்தோம். அப்பாவின் ஆஸ்பத்திரி வேலைக்கு அது கிட்ட. எங்கள் தெருவில் பாதி வீடுகள் யூதர்களுடையவை. பக்கத்து வீட்டு ஹன்னாவும் நானும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டு ஊஞ்சலில்தான் இருவரும் இருப்போம். அவளுடைய வீட்டார் சனிக்கிழமையும் கார் ஓட்டுகிற, அதேவேளை பன்றி இறைச்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற வகை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சமாட்டோம் என்பதால் எனக்கு அது ஒன்றும் புதினமாக இருக்கவில்லை.

நான் நாடகத்தில் யூதப் பிள்ளையாக நடிக்கப்போகிறேன் என்று சொன்னதும் ஹன்னாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவளாக நடிக்க அதுவரை யாரும் ஆசைப்பட்டதில்லை. என்ன உடுப்பு என்று கேட்டாள். பழைய படுக்கை விரிப்பும் தலையில் ஒரு துண்டும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தாள். பை நிறையக் கடும்நீலப் பட்டில் தைத்த சின்ன வட்டத் தொப்பிகள். யூத ஆண்கள் உச்சந்தலையில் போடும் கிப்பா. அவளுடைய அண்ணனுக்குப் பதின்மூன்று வயதானபோது செய்த சடங்கில் விருந்தாளிகளுக்குக் கொடுத்து மிஞ்சியவை அவை. உள்பக்கத்தில் அண்ணனின் பெயரை வெள்ளி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நம்மவர்கள் பூப்பு விழாவான சாமத்தியவீட்டுக்குப் பெண்பிள்ளையின் பெயர் போட்டுப் பெட்டி கொடுப்பதில்லையா, அப்படித்தான்.

ஊஞ்சலில் ஆடியபடியே என் வசனத்தையும் அவள் பாடமாக்கினாள். ஒரு கிழமைக்குள் என்னைவிட அவளுக்கு நன்றாக வந்தது. பழி என்பதில் வரும் எழுத்தில் என் நாக்கு தடக்கும். அவளுடைய நாக்கு தடக்கவில்லை. என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டாள். எங்களைப் பற்றி ஏதோ என்றேன்.

தொப்பிகளைக் கண்ட சித்தப்பா ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அசல், பிள்ளை. இது அசல்” என்றார். அந்த இடத்திலேயே கூட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தொப்பி என்று முடிவாயிற்று. தொப்பி தந்த வீட்டை அழைக்காமல் விடலாமா? அவரே போய் ஹன்னாவையும் தாயையும் நாடகத்துக்குக் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு விளங்கவேண்டுமே என்று ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் திரையில் போட ஏற்பாடும் செய்தார். சித்தப்பாவின் உபசாரத்தில் ஒருநாளும் குறை சொல்லமுடியாது.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் இருவரும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். மேடையில் முதலில் கடைசி இராப்போசனம். மேசை நடுவில் ஸ்பிரிங்வேல் கடையில் வாங்கிய, நன்றாக உப்பிய கொழுத்த பாண் ரொட்டி. பாஸ்கா விருந்து என்று திரையில் எழுத்து ஓடியபோது ஹன்னாவின் தாய் அந்தப் பாணைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவது எனக்குத் திரைச்சீலை இடுக்கால் தெரிந்தது. யேசுவாக நின்றவர் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணா. தோள்வரை செம்பட்டை முடி, வெள்ளை அங்கி, சிவப்புச் சால்வை. தொப்பி இல்லை.

பிறகு எங்கள் முறை. நாங்கள் தொப்பிகளோடு மேடையை நிறைத்தோம். ஹன்னா எனக்குக் கை காட்டினாள். நாங்கள் கத்தினோம், முஷ்டியை உயர்த்தினோம், யேசுவை நோக்கித் துப்புவதுபோலச் செய்தோம். சித்தப்பா பக்கத்தில் மறைந்து நின்று இன்னும் இன்னும் என்று கையால் காட்டினார். ஹன்னாவின் தாய் சிரிக்கவில்லை. எங்களைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நான் முன்னுக்கு வந்து என் வசனத்தைத் தொடங்கினேன். சபையிலிருந்து இன்னொரு குரல் என்னோடு சேர்ந்துகொண்டது. ஹன்னா கதிரையில் ஏறி நின்று, கண்களை மூடிக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் அந்தத் தமிழைச் சத்தமாகச் சொன்னாள். பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்றாள். அவளுக்கு நேர் எதிரே திரையில் அதன் ஆங்கிலம் பெரிய எழுத்தில் கிடந்தது. தாய் அதை வாசித்தார். மகளை மெல்லக் கீழே இழுத்து மடியில் இருத்தி, அவளுடைய வாயைக் கையால் பொத்தினார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. பொத்திய கையை எடுக்கவுமில்லை.

அப்போது என் அம்மா எழுந்தார். கடைசி வரிசையில் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு, நாடகத்தின் நடுவில், எல்லோருடைய முழங்கால்களையும் இடித்துக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு வந்து ஹன்னாவின் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வசனத்தை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அடுத்து சிலுவை ஊர்வலம் இருந்ததால் அதற்கும் நேரமில்லை.

முடிந்ததும் பெரிய வெள்ளிக் கஞ்சி பரிமாறினார்கள். ஹன்னாவின் தாய் வேண்டாம் என்று தலையசைத்து, நன்றி சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புளித்த மாவையும் தானியங்களையும் விலக்கும் அவர்களுடைய பாஸ்கா வாரத்தில் அந்த வீட்டில் பாணும் இல்லை, சோறும் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நாங்கள் கோபம் என்றே எடுத்துக்கொண்டோம். அதிலும் பாதி உண்மை இருந்தது.

சனிக்கிழமை ஊஞ்சலில் யாரும் இல்லை. நான் வேலியோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இனி ஹன்னாவை என்னோடு விளையாட விடமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. என்ன குற்றம் என்றுதான் தெரியவில்லை. அவளைப்போல நடித்தது சரியாக வரவில்லையோ என்று நினைத்தேன்.

சித்தப்பா அன்று எங்கள் குசினியில் வேதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாடிப்போய் இருந்தார். “நான் ஒண்டும் புதுசாச் சேர்க்கேல்லை, அண்ணி. உள்ளதைத்தானே போட்டனான்” என்றார்.

அம்மா வாளியில் கிப்பாக்களை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தார். எங்கள் முகப்பூச்சும் வேர்வையும் பட்டில் பிடித்திருந்தன. “உள்ளதுதான். ஆனா அது எப்ப எழுதினது? சண்டை பிடிச்சுப் பிரிஞ்ச பிறகு எழுதினா அப்பிடித்தான் வரும். என்ரை கலியாணக் கதையை அக்காவைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ” என்றார்.

அம்மா சைவ சமயக் குடும்பம். அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். அன்றிலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் பெரியம்மா எங்கள் வீட்டில் சமைத்ததைத் தொடுவதில்லை. பெரியம்மா சொல்லும் கதையில் அப்பாவின் ஆட்கள் அத்தனை பேரும் அம்மாவை ஏமாற்றிக் கொண்டுபோனவர்கள். அந்தக் கதையிலும் ஒரு பெருங்கூட்டம் வரும், அதில் சித்தப்பாவும் நிற்பார். சித்தப்பா புத்தகத்தை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஸ்திரிக்கை போட்ட தொப்பிகளோடு மூவரும் போனோம். அம்மா ஒரு கூடை பழமும் எடுத்தார். மாதுளை, அப்பிள், பேரிக்காய், எல்லாம் வெட்டாத முழுப் பழம். பெரியம்மா வீட்டுக்கும் அம்மா அதைத்தான் கொண்டுபோவார். கையில் வாங்க யோசிக்கிற வீட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஹன்னாவின் தாய் கதவைத் திறந்தார். கூடையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். மேடையில் பிலாத்துவையே மிரட்டும் சித்தப்பா வாசல்படியில் ஆங்கிலம் தடக்கி, மன்னிக்கவேண்டும் என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹன்னாவின் தாய் எங்களைப் படியில் இருக்கச் சொல்லித் தானும் இருந்தார். உங்கள் நாடகத்தில் இரண்டு பிழை என்றார். அந்த இரவு மேசையில் அவ்வளவு பெரிய பாண் இருந்திருக்காது, இந்த வாரம் என் வீட்டிலும் இல்லை. மற்றது, அந்தக் காலத்தில் இப்படித் தொப்பி இருந்ததோ இல்லையோ, போட்டால் எல்லோருக்கும் போடவேண்டும். கத்துகிறவர்களுக்கு எல்லாம் போட்டுவிட்டு யேசுவுக்கு மட்டும் ஏன் போடவில்லை?

பிறகு அவரும் சித்தப்பாவும் அந்தப் படியிலிருந்தே நெடுநேரம் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். முதலில் எல்லோரும் ஒரே வீடு. யேசுவும், அவருடைய தாயும், பின்னால் போனவர்களும் அதே கோவிலில் கும்பிட்டு அதே பெருநாளைக் கொண்டாடினார்கள். வெளியார் வந்து சேரத்தொடங்கியபோதுதான் தகராறு. வருகிறவன் நம்மைப்போல விருத்தசேதனம் செய்யவேண்டுமா, நாங்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிடவேண்டுமா, அவனோடு ஒரே மேசையில் இருக்கலாமா. பிறகு உரோமர் கோவிலை எரித்தார்கள். ஒரு பகுதி படிப்பையும் பழைய ஒழுங்குகளையும் பிடித்துக்கொண்டு பிழைத்தது, மற்றது யேசுவைப் பிடித்துக்கொண்டது. பிரிந்துபோக ஒருநாள் இருநாள் இல்லை, தலைமுறைகள் எடுத்தது. கடைசியில் பெருநாளின் தேதியைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது முழுக்க அம்மாவும் பெரியம்மாவும் போலவே கேட்டது.

இதற்கிடையில் ஹன்னா பின்பக்கத்தால் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். தன் வசனம் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். உன்னுடையதுதான் நல்லாயிருந்தது என்றேன். ஊஞ்சலுக்கு ஓடினோம்.

அடுத்த வருடம் சித்தப்பா மேசையில் புளிக்காத அப்பம் வைத்தார். ஹன்னா வீட்டில் மறுபடியும் கேட்டு வாங்கிய கிப்பாவை யேசு தொடக்கம் எல்லோர் தலையிலும் வைத்தார். எங்கள் கத்தோலிக்கச் சங்கத்துப் பெரியவர் ஒருவர், யேசுவுக்கு எதற்கு யூதன்ரை தொப்பி என்று முறைப்பாடு கொண்டுவந்தார். “வேறை ஆரின்ரை தொப்பியை அண்ணை அவர் போடுறது?” என்று சித்தப்பா கேட்டார். பெரியவர் அதற்குப் பிறகு பாஸ்குவுக்கு வரவில்லை. என் தனி வசனத்தைச் சித்தப்பா வெட்டிவிட்டார். நான் இரண்டு நாள் அவரோடு கோபம்.

அம்மாவோடு இருந்த கோபம் அதைவிட அதிக காலம் நின்றது. என் வசனத்தின் நடுவில் ஏன் எழும்பிப் போனீர்கள் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருமுறையும் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு முதல் பிள்ளை பிறந்து, அவன் கத்தி அழுத ஒருநாள், நான் விளையாட்டாக அவன் வாயைப் பொத்தப்போனேன். அம்மா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். அதன் பிறகுதான் சொன்னார். கொழும்பில் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம் நடந்த அந்த ஆடி மாதம், பக்கத்துச் சிங்கள வீட்டுக் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்களாம். தெருவால் ஒரு கூட்டம் தமிழர்களைக் கேட்டுக் கத்திக்கொண்டு போனதாம். அம்மாவுக்கு அப்போது, மேடையில் நின்றபோது எனக்கிருந்த வயது, ஹன்னாவின் வயது. அவருடைய தாய் அவரை மடியில் இருத்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாராம். கூட்டம் போய் நெடுநேரமாகியும் அந்தக் கையை எடுக்கவில்லையாம்.

அன்றைக்கு மேடையில் நின்ற எனக்கு அதெல்லாம் தெரியாது. நீலத் தொப்பியோடு, முஷ்டியை உயர்த்தியபடி, கூட்டத்துக்கு முன்னால் நான் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அம்மா என்னைப் பார்க்காமல் வேறு யாரோ ஒருவருடைய அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு போனார் என்பதுதான்.